காலையில் திணறும் வண்டியும் கண்டறிதலுக்கான கூலியும்

‘காலையில் வண்டி சரியாக ஸ்டார்ட் ஆவதில்லை’ என்ற வாக்கியத்தைக் கார் மெக்கானிக்குகள் அடிக்கடி கேட்கிறார்கள். அதேசமயம், அவர்களுக்கு அவ்வளவு குறைவாகப் பயன்படுகிற வாக்கியமும் வேறில்லை. அதில் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, காலத்தைக் குறிக்கும் சொல்லும் இருக்கிறது. இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் குறைந்தது எட்டுப் பத்து வேறுவேறு நோய்களுக்கு இந்த ஒரே வாக்கியம் பொருந்தும் என்பதால், அது ஒரு முறையீடாக மட்டுமே நின்றுவிடுகிறது, தகவலாக ஆவதில்லை. தகவல் இல்லாத இடத்தில் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறோம். பிளக்கை மாற்று, பேட்டரியை மாற்று, காயிலை மாற்று. எதை மாற்றியதும் தொந்தரவு நிற்கிறதோ அதுவே நோய் என்று முடிவு கட்டு. இதை வைத்தியம் என்று சொல்வதைவிடச் சூதாட்டம் என்று சொல்வதே பொருந்தும். பந்தயத்தில் வைக்கப்படும் பணம் மட்டும் எப்போதும் வண்டிக்காரருடையது.

தமிழ் கற்பிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இது இயந்திரத்தின் பிரச்சினையாக இருப்பதற்கு முன்பே சொல்லின் பிரச்சினையாகவும், சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் முறையின் பிரச்சினையாகவும் இருக்கிறது என்பதே என் பதில். கூடவே, நாம் எதற்குக் கூலி கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்க மறுக்கிறோம் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

முதலில் சொல். பட்டறைகளில் புழங்கும் தமிழ் இந்த விஷயத்தில் நம் வரவேற்பறைத் தமிழைவிட நுட்பமானது. ‘செல்ஃப் இழுக்குது’ என்றால், சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுற்றவேண்டிய மோட்டார் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது என்று பொருள். பேட்டரி, அதன் முனைகளில் பூத்திருக்கும் உப்பு, தளர்ந்துபோன எர்த் வயர், அல்லது அந்த மோட்டார் ஆகியவற்றுள் ஒன்றே காரணம். ‘செல்ஃப் நல்லா அடிக்குது, ஆனா லேட்டா பிடிக்குது’ என்றால் மின்சாரத்தில் குறையில்லை. பெட்ரோல் போய்ச் சேரத் தாமதமாகிறது. ‘பிடிச்சதும் அணைஞ்சிடுது’ என்பது, ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் உயிரோடிருக்கத் தேவையான சிறிதளவு காற்று கிடைக்கவில்லை என்பதைக் காட்டும். ‘மிஸ் அடிக்குது’ என்றால் நான்கு சிலிண்டர்களில் ஏதோ ஒன்றில் தீப்பிடிக்கவில்லை. குலுக்கலில் ஓர் ஒழுங்கான தாளம் இருக்கும். ‘ஏறி இறங்குது’ என்றால் இன்ஜினின் வேகம் தானாகவே கூடிக் குறைகிறது. கணக்கில் வராத காற்று எங்கோ ஒரு வெடிப்பு வழியாக உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். ‘மிதிச்சா திணறுது’ என்றால் காற்றுக்கு ஏற்ற அளவில் பெட்ரோல் கலக்கவில்லை.

ஆறு வினைகள், ஆறு திசைகள். வண்டிக்காரர் இவற்றுள் சரியான வினையைத் தேர்ந்து சொன்னாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ‘சரியாக ஸ்டார்ட் ஆவதில்லை’ என்ற எதிர்மறை, என்ன நடக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. என்ன நடக்கிறது என்பதை உடன்பாட்டு வினைதான் சொல்ல முடியும்.

‘செல்ஃப்’ என்ற சொல்லையும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றி இன்ஜினை உயிர்ப்பித்த காலம் ஒன்றிருந்தது. பிடி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்களும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912இல் காடிலாக் வண்டிகளில் வந்தது. வண்டி ‘தானாகவே’ கிளம்பியதால் அதற்கு அமைந்த பெயரின் முன்பாதி மட்டும் தமிழில் பெயர்ச்சொல்லாகத் தங்கிவிட்டது. அதற்கு வெகுகாலம் பின்பும் அம்பாசடரிலும் பழைய மாருதி 800இலும் ‘சோக்’ என்ற இழுப்பான் இருந்தது. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும் என்பதால், அதை இழுத்துக் காற்றைக் குறைத்து, வண்டி சூடானதும் திரும்பத் தள்ளிவிடுவது ஓட்டுநரின் வேலை. எவ்வளவு இழுக்கவேண்டும், எப்போது தள்ளவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கிருந்தது. அதாவது தினமும் காலையில் ஓட்டுநர் தன் இன்ஜினின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கார்புரேட்டர் போய், பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகப் பீய்ச்சும் முறை வந்த பிறகு அந்தக் கணக்கைக் கணினி எடுத்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் நாடி பார்க்கும் பழக்கமும் அதனோடு சேர்ந்து போய்விட்டது.

*

அடுத்து, ‘காலையில்’ என்ற சொல். இதற்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று குளிர். மற்றொன்று ஓய்வு. இரண்டையும் பிரிக்காமல் எந்த ஆராய்ச்சியும் நகர முடியாது என்பேன்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டது. கனடாவில் உறைநிலைக்கும் 20 டிகிரி கீழே இரவைக் கழித்த வண்டியில் ஆயில் தேன்போலக் கெட்டிப்படும். பேட்டரியின் வலிமை வெகுவாகக் குறையும். சென்னையிலோ திருச்சியிலோ மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். உதகையின் பள்ளத்தாக்குகளில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுவதுண்டு. அங்கே குளிரைக் குறைசொல்லலாம். சமவெளியில் 24 டிகிரியை ஒரு பெட்ரோல் இன்ஜின் குளிராகவே மதிப்பதில்லை. நம் பேட்டரிகளை மூன்று நான்கு ஆண்டுகளில் முடித்துவைப்பதும் கோடைதான். காலையில் அந்தச் சாவு வெளியே தெரிகிறது, அவ்வளவே.

ஆகவே நம் ஊரில் ‘காலை’ என்பது பெரும்பாலும் ‘எட்டு மணிநேரம் அசையாமல் நின்ற பிறகு’ என்றே பொருள்படும். இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். காலையில் ஓட்டி வந்த வண்டியை அலுவலகத்தில் எட்டு மணிநேரம் நிறுத்திவையுங்கள். மாலையில், 35 டிகிரி வெயில் இன்னும் தணியாத வேளையில், ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போதும் அதே தடுமாற்றம் இருந்தால் குளிர் குற்றவாளியில்லை. பிறகு இரண்டு மணிநேர இடைவெளியிலும் நான்கு மணிநேர இடைவெளியிலும் பாருங்கள். நிற்கும் நேரம் கூடக்கூடத் தொந்தரவும் கூடினால், உள்ளே ஏதோ ஒன்று மெல்லக் கசிகிறது, அல்லது மெல்ல வடிகிறது. இந்த ஒரு சோதனை, சந்தேகப் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

நிற்கும் வண்டிக்குள் இரவில் என்னென்ன நடக்கலாம்? பெட்ரோல் குழாயில் தங்கியிருக்கவேண்டிய அழுத்தம், பம்பிலுள்ள தடுப்பு வால்வு பழுதானால் தொட்டியை நோக்கித் திரும்பிவிடலாம். இன்ஜெக்டரின் நுனி இறுக மூடாவிட்டால் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக உள்ளே தேங்கலாம். ஹெட் கேஸ்கெட்டில் மயிரிழை வழி ஏற்பட்டிருந்தால் கூலண்ட் சிலிண்டருக்குள் ஊறலாம். வால்வுத் தண்டின் சீல் தேய்ந்திருந்தால் ஆயில் மேலிருந்து இறங்கலாம். அணையாத சிறு விளக்கோ பின்னாளில் பொருத்திய மியூசிக் சிஸ்டமோ பேட்டரியை உறிஞ்சலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயிலின் விரிசலில் ஈரம் படியலாம். இவை யாவும் ஓய்வின் நோய்கள். வெயிலடித்தாலும் வரும்.

*

ஒவ்வொரு நோயும் ஒரு தடயத்தை விட்டுச்செல்கிறது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் அளவை இலக்கணம் உரைக்கும்போது, புகையைக் கொண்டு நெருப்பை உய்த்தறிவது எடுத்துக்காட்டாக வருகிறது. அடுக்களையும் அதில் இடம்பெறுகிறது. காரின் பின்னால் நின்று புகையைப் பார்க்கும் மெக்கானிக் செய்வதும் அதே அனுமானம்தான். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகையும் பெட்ரோல் நெடியும் சேர்ந்தால் எரிபொருள் மிகுதி. அடர்ந்த வெண்புகையில் ஒருவித இனிப்பு வாடை இருந்தால் கூலண்ட் எரிகிறது.

அதே காதை ஏதுப் போலிகளையும் விரிவாகப் பேசுகிறது என்பதை மறந்துவிடக்கூடாது. சான்றுபோலத் தோன்றிச் சான்றாகாதவை அவை. வெண்புகை அதற்கு நல்ல உதாரணம். பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாவது இயற்கை. குளிர்ந்த சைலன்ஸர் குழாயில் அது தண்ணீராகி, பின் ஆவியாக வெளிவருவது நலமான வண்டியிலும் உண்டு. ஓரிரு நிமிடத்தில் மறையும் மெல்லிய ஆவியைக் கண்டு ஹெட்டைக் கழற்றுவது போலியை நம்பிய கதையாகிவிடும். இரண்டாவது சாட்சி தேவை. கூலண்ட் டப்பாவில் இன்றைய மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடிட்டு, தேதி எழுதிவையுங்கள். ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். இரண்டு வாரத்தில் மட்டம் இறங்கியிருந்து, தரையிலும் குழாய்களிலும் ஈரம் இல்லையென்றால், அந்தக் கூலண்ட் எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

நோயல்லாததை நோயென்று எண்ணுவதும் உண்டு. குளிர்ந்த இன்ஜின் முதல் ஒரு நிமிடம் வழக்கத்தைவிட உரக்க, 1,200 முதல் 1,500 சுற்று வேகத்தில் ஓடிப் பிறகு அடங்குவது அதன் இயல்பு. அதற்காகப் பத்து நிமிடம் நிறுத்திவைத்து உறுமவிடவேண்டியதில்லை. மூடிய ஷெட்டுக்குள் அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து. அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர்களை மெதுவாக ஓட்டினால் போதும். டீசல் வண்டிக்காரர்கள் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை காத்திருக்கவேண்டும். அணைந்த பின்பும் தடுமாறினால் முதலில் பார்க்கவேண்டியது ஹீட்டர் பிளக்குகளை.

*

இனி வரிசை. மலிவானதிலிருந்து விலையேறியதற்கும், கழற்றவேண்டாததிலிருந்து கழற்றவேண்டியதற்கும் போவதே முறை.

செல்ஃப் இழுத்தால் ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். இரவு முழுதும் நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும் நொடியில் அது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ முனைகளையோ சந்தேகிக்கலாம். முனைகளைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து இறுக்குவதற்குச் செலவேயில்லை. ஆகவே அதுவே முதல் வேலை.

செல்ஃப் நன்றாக அடித்தும் தாமதமாகப் பிடித்தால், சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் கொண்டுபோய் மூன்று நொடி நிறுத்தி, பின் அணைத்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகு ஸ்டார்ட் செய்யவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஒவ்வொரு முறையும் பம்ப் சில நொடி ஓடி அழுத்தத்தை ஏற்றும். இப்படிச் செய்தால் உடனே பிடிக்கிறது என்றால், இரவில் அழுத்தம் வடிகிறது என்று தெரிந்துவிடுகிறது. பம்பின் தடுப்பு வால்விலா, இன்ஜெக்டரிலா என்பதை அழுத்தமானி வைத்துப் பிரித்தறியலாம்.

பிடித்ததும் அணைந்தால் த்ராட்டில் பாடியைத் திறந்து பார்க்கவேண்டும். காற்று நுழையும் அந்த வாயின் விளிம்பில் கரி அப்பியிருந்தால் உரிய திரவத்தால் துடைத்துச் சுத்தம் செய்வது அரைமணி வேலை. இன்ஜினின் வேகம் ஏறி இறங்கினால் இறுகிப்போன ரப்பர் குழாய்களைக் கைவிரலால் வளைத்து வெடிப்புத் தேடவேண்டும். மிஸ் அடித்தால் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்கவேண்டும். நான்கும் ஒரே நிறத்தில் இருக்கின்றனவா, ஒன்று மட்டும் வேறா என்பதே கேள்வி. கரி படிந்த ஒன்று, ஆயில் நனைந்த ஒன்று, கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்ற ஒன்று ஆகிய மூன்றும் மூன்று வேறு கதைகளைச் சொல்லும்.

காயில் மேல் சந்தேகமா? புதிது வாங்காதீர்கள். ஒன்றாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும், மூன்றாவதை ஒன்றுக்கும் இடம் மாற்றுங்கள். மிஸ் அடிப்பதும் கூடவே இடம் மாறினால் காயில் குற்றவாளி. அதே இடத்தில் நின்றால் காயில் நிரபராதி. ‘மாற்றிப் பார்ப்பது’ ஒன்று, ‘இடம் மாற்றிப் பார்ப்பது’ வேறொன்று. நடுவிலுள்ள ஒரு சொல்லுக்கு மூவாயிரம் ரூபாய் மதிப்பிருக்கலாம்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்வது கூலண்டில் நனைந்திருக்கும் வெப்ப சென்சார். அதன் சொல்லைக் கேட்டே காலையில் எவ்வளவு பெட்ரோல் கூட்டுவது என்று கணினி தீர்மானிக்கிறது; பழைய சோக் செய்த வேலை இதுதான். சென்சார் அறுந்துபோனால் எச்சரிக்கை விளக்கு எரியும். அரைகுறையாகப் பொய் சொல்லும் சென்சாரைக் கணினி எளிதில் பிடிப்பதில்லை. ஆனால் இரவு முழுதும் நின்ற வண்டியில் கூலண்ட், உள்ளே வரும் காற்று, வெளிக்காற்று ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில்தான் இருந்தாகவேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரில் பார்த்தால் காற்று 25 என்றும் கூலண்ட் 60 என்றும் காட்டுகிறதா? பொய்யன் அகப்பட்டுவிட்டான். வண்டி சூடான பிறகு இதே சோதனையைச் செய்ய முடியாது. காலைக்கே உரிய நோயைக் காலையில்தான் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ஸ்கேனர் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 2010க்குப் பிறகு படிப்படியாக வண்டிகளில் கட்டாயமாக்கப்பட்ட சுயபரிசோதனை ஏற்பாடு, பழுதைக் குறியீடாகப் பதிவு செய்கிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. இவை அறிகுறிகளின் பெயர்களேயன்றிக் காரணங்களின் பெயர்களல்ல. ‘காய்ச்சல் 102’ என்று காட்டும் தெர்மாமீட்டர் டைஃபாய்டா மலேரியாவா என்று சொல்வதில்லை. ஆயினும் பி0301 என்று திரையில் கண்டவுடன் காயிலுக்கு ஆர்டர் போடும் வழக்கம் பரவிவிட்டது. கருவியின் மேல் பழி இல்லை. அறிகுறியைக் காரணமாக வாசிக்கும் அவசரத்தின் மேல்தான்.

*

என் கல்லூரி நண்பர் ஒருவரின் பதினோரு வயதான பெட்ரோல் காருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். காலையில் முதல் அரை நிமிடம் வண்டி குலுங்கும்; பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். குளிரூட்டிய காத்திருப்பறை கொண்ட பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் முதலில் பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்த முறை காயில்கள். அதற்கடுத்து இன்ஜெக்டர் சுத்தம், பிறகு பேட்டரி. ஏறக்குறைய ரூ. 23,000 செலவாயிற்று. ஒவ்வொரு முறையும் பத்து மணிக்குமேல், ஓட்டிச்சென்று சூடான வண்டியைத்தான் அவர்கள் பார்த்தார்கள். சூடான வண்டி அழகாக ஓடியது. ‘இப்ப ஓகே சார்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியில் அவர் போன இடம், தகரக்கூரை போட்ட பட்டறை. அறுபதைத் தாண்டிய மெக்கானிக் பானட்டைத் திறக்கவில்லை. கால் மணிநேரம் கேள்விதான் கேட்டார். குலுங்குவது தாளமாகவா, தாறுமாறாகவா? புகை என்ன நிறம்? கூலண்ட் கடைசியாக எப்போது ஊற்றினீர்கள்? ‘மாசத்துக்கு ஒருதரம் கொஞ்சம் ஊத்துவேண்ணே, பழைய வண்டிதானே’ என்றார் நண்பர். மெக்கானிக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ‘சார், வண்டிய ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க. காலைல முதல் ஸ்டார்ட் நான்தான் போடணும்’ என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கு, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பிளக்குகளைக் கழற்றினார். மூன்று பிளக்குகள் பழுப்பாக இருந்தன. ஒன்று மட்டும் கழுவியதுபோல் வெளுத்து, நுனியில் ஈரமாக இருந்தது. கூலண்ட் பாதையில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி வைத்தார். முள் மெல்ல இறங்கிற்று, வெளியே எங்கும் சொட்டவில்லை. ஹெட் கேஸ்கெட். நாள்முழுதும் ஓடிச் சூடேறிய கூலண்டில் எஞ்சியிருந்த அழுத்தம், வண்டியை நிறுத்திய பின் அந்த மயிரிழை வழியே ஒரு சிலிண்டருக்குள் சிறிது நீரைத் தள்ளிக்கொண்டிருந்தது. காலையில் அந்தச் சிலிண்டர் நனைந்த விறகுபோலத் தீப்பிடிக்க மறுத்தது; அரை நிமிடத்தில் காய்ந்துவிட்டது. அவ்வளவுதான் மர்மம். ஹெட்டைக் கழற்றி, கோணல் இருக்கிறதா என்று பட்டை வைத்துப் பார்த்து, லேத்தில் கொடுத்துச் சமன்படுத்தி, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை உரிய வரிசையில் உரிய இறுக்கத்துக்கு முறுக்கியதோடு நோய் தீர்ந்தது.

இங்கே இழப்பு ரூ. 23,000 மட்டுமில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மாற்றப்பட்ட ஒவ்வொரு பாகமும் உண்மையான நோய்க்கு இன்னும் ஒரு மாத அவகாசம் கொடுத்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கும்; பேரிங்குகள் போயிருக்கும்; அல்லது வெயிலில் நெடுஞ்சாலையில் இன்ஜின் கொதித்து ஹெட்டே வளைந்திருக்கும். தவறான மருந்து ஒன்றும் செய்யாமல் போவதில்லை. அது காலத்தைத் தின்கிறது.

*

இப்போது புதிதாக ஒரு பொதுக்காரணம் கிடைத்திருக்கிறது: எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. காலையில் வண்டி தும்மினாலும் இன்று அதன்மேல் பழி. பழியில் ஒருபங்கு நியாயம் இல்லாமலில்லை. எத்தனால் ஆவியாக, பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேலான வெப்பம் வேண்டும். முழு எத்தனாலில் ஓடும் வண்டிகளில், குளிர்காலைகளுக்கென்றே சிறியதொரு பெட்ரோல் தொட்டியைப் பிரேசில்காரர்கள் வைத்திருந்தார்கள். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். வாரக்கணக்கில் நின்றுபோன வண்டியில் அது தொல்லை தரலாம். அதை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் அது பதம்பார்க்கும். ஆனால் 25 டிகிரிக் காலையில் 20 விழுக்காடு எத்தனால் மட்டுமே ஒரு நலமான இன்ஜினைத் தடுமாறவைக்காது. அதே பங்கில் அதே பெட்ரோல் போட்ட, அதே வயதுள்ள பக்கத்து வீட்டு வண்டி பதறாமல் கிளம்புகிறதென்றால், உங்கள் வண்டியில் மட்டும் இருப்பது என்ன என்று கேட்கவேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஒன்று, ஒருவருக்கு மட்டும் வந்த நோயைத் தனியே விளக்க முடியாது. முன்பு குளிரைச் சொன்னோம். இப்போது எத்தனாலைச் சொல்கிறோம். தேடாமலிருக்க உதவுவதில் இரண்டும் ஒன்றே.

*

கடைசியாகக் கூலி. தகரக்கூரைப் பட்டறையின் பெரியவர் கேள்வி கேட்ட கால் மணிநேரத்துக்கும், விடியற்காலை எழுந்துவந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்த ஒரு மணிநேரத்துக்கும் பில்லில் தனி வரி இல்லை. கேஸ்கெட்டுக்கு இவ்வளவு, லேத்துக்கு இவ்வளவு, கழற்றி மாட்டிய கூலி இவ்வளவு என்றே எழுதினார். கண்டுபிடித்ததற்கு ஒன்றுமில்லை. ஒருவேளை அவர் பார்த்துவிட்டு, ‘பேட்டரி முனை லூசா இருந்துச்சு, இறுக்கிட்டேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் நாம் என்ன கொடுத்திருப்போம்? ஐம்பது ரூபாயை நீட்டியிருப்போம். அல்லது நன்றி சொல்லிக் கிளம்பியிருப்போம். நாலாயிரம் ரூபாய் பேட்டரிக்கு முகம் சுளிக்காமல் பணம் கட்டும் நாம், அந்தப் பேட்டரி தேவையில்லை என்று சொல்லும் அறிவுக்கு நானூறு ரூபாய் கொடுக்கத் தயங்குகிறோம். பொருள் கைமாறினால்தான் பணம் கைமாறவேண்டும் என்று நம் மனம் பழகிவிட்டது.

இந்தப் பழக்கத்தின் விளைவை எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். யோசிப்பவனுக்கு வருமானமில்லை, பாகம் விற்பவனுக்கு இருக்கிறது. அப்படியானால் பட்டறைக்கு வரும் இளைஞன் எதைக் கற்பான்? இருபது வயதில் கையில் ஸ்கேனரோடு வரும் பையனிடம், ‘தம்பி, ராத்திரி வண்டிய வெச்சிருந்து காலைல பாருப்பா’ என்று சொல்ல ஆளிருக்கலாம். அதற்காக அவனுக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. பெரியவர்களோடு அந்த அறிவு பட்டறையைவிட்டுப் போய்விடும். அதை வஞ்சகத்தின் விளைவு என்று நான் சொல்லமாட்டேன். நாம் விலை வைத்த முறையின் விளைவு அது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் அறிவதை மருந்துக்கு முன்னால் வைக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை எண்ணும் அக்குறள், முதலாவதாக வைப்பது நோயுற்றவனை. வண்டிக்கு வாயில்லை, ஆகவே அந்த இடம் வண்டிக்காரருக்கு உரியது. நாம் செய்யவேண்டியது மூன்றே. எத்தனை மணிநேரம் நின்றது, முதல் அரை நிமிடத்தில் என்ன கேட்டது, என்ன நெடி, என்ன நிறம் என்று ஒரு வாரம் குறித்துவைத்து, சரியான வினைச்சொல்லோடு போகவேண்டும். முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக் கேட்கும்படி வண்டியை ஓர் இரவு அவரிடம் விடவேண்டும். எதையும் மாற்றாமல் காரணத்தை மட்டும் சொன்னாலும் அதற்கு எவ்வளவு கூலி என்று முன்கூட்டியே கேட்டு, பேரம் பேசாமல் கொடுக்கவேண்டும்.

மூன்றாவதுதான் கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்டறிதலுக்குக் கூலி கொடுக்க மறுப்பவர்கள், தேவையில்லாத பாகங்களின் விலையாக அதை ஏற்கெனவே பலமுறை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.